வறட்டிப் போரில் ஒரு மயில்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவை கோட்டைகளும் கோயில்களும் கல்வெட்டுகளுமே ஆகும். மன்னர் எழுப்பியவை கல்லில் நின்றமையால் ஏட்டிலும் நின்றன. ஆனால் மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மண்ணாலும் சாணத்தாலும் ஆன பொருள்கள் சில மழைக்காலங்களுக்கு மேல் தாங்குவதில்லை. ஆகவே அவற்றை ஆக்கிய கைகளின் வரலாறும் அவற்றோடு கரைந்து போயிற்று. அத்தகைய பொருள் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகிறேன். வட இந்தியக் கிராமங்களில் வீட்டுக்குப் புறத்தே நிற்கும் வறட்டிக் குவியலும், அதன்மேல் பெண்கள் தீட்டும் சித்திரமுமே அப்பொருள்.

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து வாழும் நம்மில் பலர் இதனைக் கண்டிருப்பர். சென்னையிலிருந்து தில்லிக்கு வரும் ரயில் ஆக்ராவைக் கடந்து மதுரா, கோசி, ஹோடல், பல்வல் என்று செல்லுகையில், கோதுமை வயல்களின் ஓரத்தில் பழுப்பு நிறத்துடன், சில கூம்பாகவும், சில கூண்டு வண்டி போல நீண்டும் நிற்கும் உருவங்கள் கண்ணிற் படும். புதிதாக வருபவர் அவற்றைக் குடிசை என்று எண்ணுவர். சிலர் நெற்குதிர் போன்றதொன்று என்பர். உள்ளே இருப்பது வறட்டி என்று அறிந்ததும் முகத்தைச் சுளித்துப் பார்வையைத் திருப்பிக்கொள்வாரும் உண்டு. அவ்வாறு திருப்பாமல் சற்று நெருங்கிப் பார்த்தால், அந்தப் பழுப்புப் பூச்சின்மீது மரமும் கொடியும் மயிலும், அலை அலையாய் ஓடும் கோடுகளும், சாய்சதுரக் கட்டங்களும் விரலால் வரையப்பட்டிருப்பதைக் காணலாம்.

இக்குவியலுக்கு மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் விரஜ பூமியிலும் பிட்டோரா என்று பெயர். ஹரியானாவில் அதே சொல் சிறிது திரிந்து பிட்டோடா என வழங்கும். பஞ்சாபியர் குஹாரா என்பர். உள்ளே அடுக்கப்படும் வறட்டிக்கோ பெயர்கள் பல. உப்லா என்பாரும் கண்டா என்பாரும் உண்டு. பீஹாரில் அது கோயிட்டா. தமிழிலும் வறட்டி, விராட்டி, எருமுட்டை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறுவது நாம் அறிந்ததே. ஆயினும் வறட்டியை இவ்வளவு பெரிய அளவில் கட்டிக் காக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றாமையால், பிட்டோராவுக்கு நேரான ஒரு சொல் நமக்கு வாய்க்கவில்லை. வைக்கோற் போர் என்பதை ஒட்டி வறட்டிப் போர் என்று சொல்லிக்கொண்டால் பொருள் விளங்கும்.

இப்போர் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பசு எருமைகளின் சாணத்தை அள்ளி, அதனோடு பதரும் நொறுங்கிய வைக்கோலும் கலந்து பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, வெயிலிற் காய வைப்பது நாள்தோறும் செய்யும் வேலை. காய்ந்த ஒவ்வொரு வறட்டியிலும் தட்டிய பெண்ணின் ஐந்து விரல்களும் பதிந்திருக்கும். குளிர் நீங்கி வெயில் ஏறும் பங்குனி தொடங்கி, ஆனி மாதத்தில் மழை வரும் வரை இவ்வேலைக்கு உகந்த பருவம். மழை தொடங்கிவிட்டால் சாணம் காயாது. ஆகவே மழைக்காலத்துக்கும் அதன் பின்னர் வரும் கடுங்குளிருக்கும் வேண்டிய எரிபொருள் முழுவதையும் அதற்கு முன்பே சேமித்து, நனையாமல் மூடி வைத்தாக வேண்டும். அடியில் முள்ளும் சுள்ளியும் பரப்பி, அதன்மேல் வறட்டிகளை நெருக்கமாக வரிசை வரிசையாய் அடுக்கி, மேலே செல்லச் செல்லக் குறுக்கிக்கொண்டே போவர். பின்பு சாணமும் மண்ணும் பதரும் குழைத்த சாந்தை அதன் உடல் முழுவதும் கனமாகப் பூசுவர். சில ஊர்களில் உச்சியில் நாணற் புல்லால் கூரையும் வேய்வதுண்டு. இவ்வாறு மூடப்பட்ட போர், ஆளுயரத்துக்கும் மேற்பட்டு, ஒரு சிறு வீடு போலவே நிற்கும்.

பூச்சு ஈரமாக இருக்கும்போதே அலங்காரம் தொடங்குகிறது. இதற்குத் தூரிகை கிடையாது, விரலே தூரிகை. மேலிருந்து கீழாக விரல்களை இழுத்தால் இணைகோடுகள் விழும். கையை வளைத்து இழுத்தால் அலை எழும். விரல் நுனியால் அழுத்தினால் புள்ளி வரிசை அமையும். சாந்தைச் சிறு திரிகளாகத் திரித்து ஒட்டிப் புடைப்புச் சித்திரமாக மயிலையும் மரத்தையும் அமைப்பாரும் உளர். பூசுகின்ற செயலும் வரைகின்ற செயலும் இங்கு வெவ்வேறல்ல. பூசும் கையின் தடமே ஒழுங்கு பெற்றுக் கோலமாகி விடுகிறது. இதனை யாரும் பள்ளியிற் கற்பதில்லை. தாயும் மாமியாரும் பூசும்போது உடன் நின்று சாந்து எடுத்துக் கொடுக்கும் சிறுமி, பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்கிறாள். அவள் மணமாகி வேற்றூர் செல்லும்போது பிறந்த ஊரின் கோலமும் அவளுடன் செல்கிறது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இத்தனை கருத்துடன் அழகு செய்யப்பட்ட இந்தப் போர், அழிவதற்கென்றே ஆக்கப்பட்டது. மழைக்காலத்தில் ஒரு மூலையைத் துளைத்து வாயில் திறப்பர். நாள்தோறும் அவ்வழியே வறட்டியை எடுக்க எடுக்க உள்ளே குழி விழும்; பூச்சு விரிசல் காணும்; மயிலின் தோகை உதிரும். அடுத்த வேனில் வருவதற்குள் ஓட்டைக் கூடு போன்ற ஒரு துண்டே எஞ்சும். அதன் பின் புதிய போர், புதிய பூச்சு, புதிய சித்திரம். நம் வீட்டு வாசலிற் காலையில் இட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டு மறைவதை நாம் குறையாகக் கருதுவதில்லை அல்லவா? இதுவும் அத்தகையதே, அதன் ஆயுள் மட்டும் சற்று நீளம்.

வறட்டியை எரிபொருளாகக் கொள்ளும் வழக்கம் மிகத் தொன்மையானது. வடமொழியில் உலர்ந்த சாணத்துக்குக் கரீஷம் என்று பெயர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் பதஞ்சலி, பாணினியின் இலக்கணத்துக்குத் தாம் இயற்றிய மகாபாஷ்யத்தில், பிறவினைக்கு எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறுகிறார்: வறட்டித் தீ மாணவனைப் படிக்கச் செய்கிறது என்பதே அதன் கருத்து. இலக்கண ஆசிரியர் எடுத்துக்காட்டைத் தேடிக் காட்டுக்குச் செல்வதில்லை. கண்முன் உள்ளதையே கூறுவார். குளிர் மிகுந்த வட நாட்டில், வறட்டித் தீயின் கதகதப்பில் அமர்ந்து மாணவர் பாடம் ஓதிய காட்சி அந்நாளில் எல்லோரும் அறிந்ததாக இருந்திருத்தல் வேண்டும். ஆனால் அந்த வறட்டியைத் தட்டியவள் யார் என்பது இலக்கணத்தின் பொருளாகவில்லை.

தென்னாட்டிலும் இதற்குத் தொன்மையான சான்றுகள் உள. கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியிலும் தெலங்கானாவிலும் சாம்பல் மேடுகள் பல காணப்படுகின்றன. அரக்கர்களை எரித்த சாம்பல் என்று ஊரார் கதை கூறி வந்தனர். 1957 ஆம் ஆண்டு ஆல்சின் என்னும் தொல்லியல் அறிஞர் உட்னூர் என்ற இடத்தில் அகழாய்வு செய்து, அது புதிய கற்காலத்து மக்கள் மாடுகளை அடைத்து வைத்த பட்டி என்றும், அங்குக் குவிந்த சாணம் மீண்டும் மீண்டும் எரிந்ததால் விளைந்த மேடு அது என்றும் நிறுவினார். காலம் கி.மு. மூன்றாம் ஆயிரம் ஆண்டு அளவினது. சாணத்தைக் குவித்ததும் எரித்ததும் இந்நாட்டின் ஆதி நிகழ்ச்சிகளுள் ஒன்று என்பதற்கு இம்மேடுகளே சான்று.

கங்கை யமுனைச் சமவெளியில் வறட்டி இத்துணை முக்கியம் பெற்றதற்கு நிலத்தின் இயல்பே காரணம். வண்டல் மண் படிந்த அச்சமவெளி உழவுக்கு உகந்தது. உழவு பெருகப் பெருகக் காடு சுருங்கிற்று. மலை தொலைவில் இருந்தது, விறகு அரிதாயிற்று. மாடு மட்டும் வீடுதோறும் இருந்தது. எனவே அடுப்பு சாணத்தை நாடிற்று. வறட்டிக்கு மற்றொரு குணமும் உண்டு. அது சுடர்விட்டு எரியாமல் நெடுநேரம் கனன்று கொண்டிருக்கும். ஹரியானா, பஞ்சாப் கிராமங்களில் ஹாரா என்ற மண் அடுப்பில் வறட்டித் தணலை இட்டு, அதன்மேல் பானையைக் காலையில் வைத்தால், மாலை வரை பால் பொங்காமல் மெல்லச் சுண்டிச் செந்நிறம் பெறும். அந்தப் பாலை உறைய வைத்துக் கடைந்தெடுத்த நெய்க்குத் தனி மணம் உண்டு என்று அந்நாட்டார் பெருமையோடு கூறுவர். மாட்டுக்குப் பருத்திக் கொட்டை வேக வைப்பதும் அந்தத் தணலிலேதான்.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தச் சாணம் ஒரு பெரிய விவாதத்துக்கு உள்ளாயிற்று. வயலுக்கு உரமாக வேண்டியதை இந்தியக் குடியானவன் அறியாமையால் அடுப்பில் இட்டு எரிக்கிறான் என்பது அதிகாரிகள் பலருடைய குற்றச்சாட்டு. இந்திய விவசாயத்தை ஆராயும் பொருட்டு 1889 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ரசாயன அறிஞர், ஓராண்டுக்கும் மேலாக நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1893 இல் வெளியான தம் அறிக்கையில் இக்குற்றச்சாட்டை மறுத்துரைத்தார். சாணத்தின் உர மதிப்பைக் குடியானவன் நன்கு அறிவான் என்றும், விறகு கிடைக்காமையாலேயே அதனை எரிக்கிறான் என்றும், விறகுக்கும் தீவனத்துக்கும் உரிய காடுகளை ஊர்ப் பக்கத்தில் வளர்த்துக் கொடுத்தால் சாணம் தானே வயலுக்குத் திரும்பும் என்றும் அவர் கூறினார். நியாயமான தீர்ப்பே. எனினும் விவாதத்தின் இரு தரப்பினருக்கும் சாணம் ஓர் உரக் கணக்காகவே தோன்றிற்று. அதைச் சுமந்து, பிசைந்து, தட்டி, காத்து, அதன்மீது மயிலையும் வரைந்தவளைக் குறித்து அந்த விவாதத்தில் பேச்சே எழவில்லை.

அவளுடைய உழைப்பு சிறிதன்று. நாட்டின் 2011 ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி, இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 குடும்பங்கள் வறட்டியையே முதன்மையான சமையல் எரிபொருளாகக் கொண்டிருந்தன. விறகை நம்பியவை நூற்றுக்கு 49. இந்த எட்டுக் குடும்பங்களில் பெரும் பகுதி வடக்குச் சமவெளியில் இருப்பவை. அங்கெல்லாம் விடியுமுன் எழுந்து கொட்டிலைக் கூட்டிச் சாணக் கூடையைத் தலையிற் சுமந்து, ஊர்ப்புறத்துத் திடலுக்குச் செல்பவர்கள் பெண்களே. நிலம் ஆடவர் பெயரில் இருந்தது, மாடும் அவ்வாறே. பெண் தன் கையால் ஆக்கி, தன் கணிப்பால் செலவிட்டு, ஆண்டு முழுவதற்கும் பொறுப்பேற்ற சொத்து என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், அது இந்த வறட்டிப் போரே ஆகும். அது பெரிதாகவும் திருத்தமாகவும் நின்றால், அவ்வீட்டில் மாடு உண்டு, உழைக்கும் கை உண்டு, மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பொருள். அதன்மேல் அவள் வரைந்த சித்திரம், அவ்வுழைப்புக்கு அவளே இட்டுக்கொண்ட கையொப்பம் என்று கொள்வது தகும்.

சாணத்தை அருவருப்புக்கு உரியதாக நினையாமல் மங்கலப் பொருளாகக் கொள்ளும் மனப்பான்மையே இக்கலைக்கு அடிப்படை. தீபாவளிக்கு மறுநாள் வடக்கே கோவர்த்தன பூஜை நிகழும். கண்ணன் மலையை ஏந்தி ஆநிரைகளைக் காத்த நினைவாக, முற்றத்தில் சாணத்தால் கோவர்த்தன உருவம் அமைத்து, பூவும் பஞ்சும் செடியின் சிறு கொம்புகளும் செருகி வழிபடுவர். ஹோலிக்கு முன்னர் நடுவில் துளையுள்ள சிறு வறட்டிகளைச் செய்து, காய வைத்து, மாலையாகக் கோத்து, ஹோலித் தீயில் இடுவர். ஹரியானாவில் நவராத்திரி நாட்களில் சாஞ்சி என்னும் தேவியின் உருவத்தைச் சுவரில் சாணத்தால் அமைத்து, களிமண்ணாற் செய்து வண்ணம் தீட்டிய நட்சத்திர வடிவங்களையும் அணிகளையும் அதன்மேல் பதித்து, மாலைதோறும் சிறுமியர் பாடி வழிபடுவர். விழா முடிந்ததும் நீரில் விடுவர். நம் வீடுகளில் கொலு வைத்திருக்கும் அதே நாட்களில் அங்கே சாஞ்சி சுவரில் வீற்றிருக்கிறாள்.

இவையெல்லாம் தமிழருக்கு அந்நியமானவை என்று கூற இயலாது. மார்கழிக் காலையில் சாணம் தெளித்த வாசலிற் கோலமிட்டு, அதன் நடுவே சாண உருண்டையைப் பிடித்து வைத்து, அதன் உச்சியில் பூசணிப் பூவைச் செருகும் வழக்கம் நம்முடையது. அந்தச் சாணப் பிள்ளையாரை எறிந்து விடாமல் வறட்டியாகத் தட்டிச் சேர்த்து வைத்து, தை மாதத்துச் சிறுவீட்டுப் பொங்கலுக்குப் பின் ஆற்றிலோ குளத்திலோ விடும் வழக்கம் திருநெல்வேலிப் பக்கத்தில் உண்டு. பூசணிப் பூவைத் தாங்கிய சாண உருண்டையை மதித்த கண்கள், மயிலைத் தாங்கிய வறட்டிப் போரைக் கண்டு சுளிப்பது பொருத்தமற்றது. மொழி மாறியதால் பொருளும் மாறிவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டதே அதற்குக் காரணமாகலாம்.

வறட்டிப் போர்ச் சித்திரம் தனித்து நிற்கும் ஒரு கலை அன்று. கிழக்கு ராஜஸ்தானத்தில் சவாய் மாதோபூர், டோங்க் முதலிய பகுதிகளில் மீணா இனப் பெண்கள் மாண்டனா என்ற ஓவியத்தைத் தீட்டுகின்றனர். சாணமும் செம்மண்ணும் மெழுகிய சுவரிலும் தரையிலும் வெண்சுண்ணத்தால் மயிலும் புலியும் மாடும் எழும். காவி நிறம் துணை நிற்கும். தாய் மயிலின் வயிற்றுக்குள் குஞ்சினை வரைவது அவர்களுக்கு உவப்பான ஒரு கற்பனை. விரஜத்து வறட்டிப் போர் நிறமின்றிப் புடைப்பாலும் பள்ளத்தாலும் பேசுவதை, மாண்டனா வெண்மையாலும் செம்மையாலும் பேசுகிறது. இரண்டிலும் சாணம் மெழுகிய பரப்பே ஓலை. வீட்டுப் பெண்ணே ஓவியர்.

இவற்றுக்கு உறவுடைய மற்றொரு கலை உலகப் புகழ் பெற்றதை நாம் அறிவோம். பீஹாரின் மிதிலைப் பகுதியில் வீட்டுச் சுவர்களில் பெண்கள் தீட்டி வந்த ஓவியம், வெளியார் பார்வைக்கு எட்டாமலே நெடுங்காலம் இருந்தது. 1934 ஜனவரி 15 ஆம் நாள் நிகழ்ந்த கொடிய நிலநடுக்கத்தில் சுவர்கள் பிளந்தன. சேதத்தைப் பார்வையிட வந்த வில்லியம் ஆர்ச்சர் என்ற அதிகாரி, இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இருந்த ஓவியங்களைக் கண்டு வியந்தார். 1949 இல் மார்க் என்ற கலைப் பத்திரிகையில் அவற்றைப் பற்றி எழுதினார். பின்னர் 1960-களின் நடுவில் பீஹாரைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது, அப்பெண்களுக்கு வருவாய் கிடைக்கும் பொருட்டு, சுவரில் தீட்டியதைக் காகிதத்தில் தீட்டச் செய்தனர். கைத்தொழில் வாரியத்தில் பணியாற்றிய புபுல் ஜயகர் இதற்கு வித்திட்டார்; ஓவியர் பாஸ்கர் குல்கர்ணி ஊர் ஊராகச் சென்று காகிதம் வழங்கினார். 1975 இல் ஜகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெயரற்றிருந்த கலைக்குப் பெயருள்ள கலைஞர்கள் தோன்றினார்கள்.

வறட்டிப் போருக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. சுவரோவியத்தைக் காகிதத்துக்கு மாற்றலாம். காகிதத்தைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டலாம். வறட்டிப் போரை எங்கே மாட்டுவது? அதன் உருவம், அளவு, மணம், எரிந்து தீரும் தன்மை ஆகிய யாவும் கடைத்தெருவுக்கு ஒவ்வாதவை. விலை போகாத கலை என்பதனாலேயே அது கலை அன்று என்று நாம் முடிவு செய்துவிட்டோம் போலும்.

இனி, இக்கலையின் எதிர்காலத்தை நினைக்கையில் மனம் இரு பக்கமும் இழுபடுகிறது. அழகைப் பேசும்போது புகையை மறத்தல் ஆகாது. வறட்டித் தீ புகை மிகுந்தது. காற்றுப் புகாத சமையலறையில் அதன் முன் அமர்ந்து ரொட்டி சுடும் பெண்ணின் கண்ணையும் நுரையீரலையும் அது அரிக்கிறது; முதுகிற் கிடக்கும் குழந்தையையும் விடுவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித் என்ற அறிஞர், இந்திய அறிஞர்களுடன் சேர்ந்து குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் மூச்சில் இழுக்கும் புகையின் அளவைக் கருவிகொண்டு அளந்தார். நகரத்துத் தெருப் புகையைப் பற்றி உலகம் கவலையுற்றிருந்த நாளில், அதனினும் கொடிய புகை அடுப்பங்கரையில் இருப்பதை 1983 இல் வெளியான அவ்வாய்வு உணர்த்திற்று.

இதற்குப் பரிகாரம் தேடிய முயற்சிகள் அதற்கும் முற்பட்டவை. தஞ்சாவூரிற் பிறந்த ஜோசப் கொர்னேலியஸ் குமரப்பா, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை 1934 முதல் வார்தாவில் மகன்வாடி என்ற இடத்திலிருந்து நடத்தினார். புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் மகன் அடுப்பு அவ்விடத்திலேயே உருவாயிற்று. சாணத்தை எரிக்காமல் புளிக்கச் செய்து எரிவாயுவை எடுத்துக்கொண்டு, எஞ்சும் குழம்பை வயலுக்கு உரமாக அனுப்பும் சாண எரிவாயுக் கலத்தை ஜஷ்பாய் படேல் 1950-களில் செம்மைப்படுத்தினார். கதர் கிராமக் கைத்தொழில் ஆணையம் பின்னர் அதனை நாடெங்கும் பரப்பிற்று. வோல்க்கர் எழுப்பிய உரப் பிரச்சினைக்கும் அடுப்பின் தேவைக்கும் ஒரே கலத்தில் விடை கிடைத்தது எனலாம். 2016 மே 1 ஆம் நாள் உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கப் பெற்றது. ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரிலேயே சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் அத்திட்டத்தின்கீழ் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் அளிக்கப்பட்டன.

எனினும் இணைப்பு வந்த நாளே வறட்டி மறைந்து விடவில்லை. உருளையை மறுபடி நிரப்பப் பணம் வேண்டும். சாணத்துக்கு விலை இல்லை. ஆதலால் பல வீடுகளில் தேநீருக்கு எரிவாயு, பால் காய்ச்ச வறட்டி என்று இரண்டும் அருகருகே நிற்கின்றன. எரிவாயு வந்த வீட்டிலும் மாடு குறைந்த வீட்டிலும் போர் சிறுத்து வருகிறது. கான்கிரீட் வீடும் செங்கற் சுவரும் பெருகும் ஊர்களில் அதற்கு இடமும் சுருங்குகிறது. போர் சிறுக்கச் சிறுக்க மயிலுக்கும் இடம் குறையும். இது தவிர்க்க இயலாதது, தவிர்க்கவும் வேண்டுவதில்லை. நமது கண்ணுக்கு ஓர் அழகு வேண்டும் என்பதற்காக மற்றொருத்தி தன் கண்ணைப் புகைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

ஆயின் நாம் வருந்த வேண்டியது எதற்கு? வறட்டிப் போர் மறைவதற்கு வருந்த வேண்டுவதில்லை. இருந்த காலத்தில் அது பார்க்கப்படாமலே மறைவதற்குத்தான் வருந்த வேண்டும். உரக் கணக்கு எழுதியவர்கள் அதனை இழப்பு என்றனர். சுகாதாரம் பேசியவர்கள் அழுக்கு என்றனர். ரயிலிற் சென்ற நாம் அசிங்கம் என்றோம். மூன்று பார்வைக்கும் அகப்படாமல், அந்த அழுக்கின்மீதே ஒருத்தி ஆண்டுதோறும் ஒழுங்கையும் உருவத்தையும் படைத்து வந்தாள். வீட்டின் மிகத் தாழ்ந்த பொருளையும் அழகின்றி நிற்க விடாத மனம் ஒன்று அங்கே இயங்கி வந்தது. அந்த மனம் அடுப்போடு சேர்ந்து அணைந்துவிட வேண்டிய நியாயம் இல்லை. மிதிலையின் கை காகிதத்துக்குச் சென்றது போல, விரஜத்தின் கையும் பள்ளிச் சுவருக்கோ, சாண எரிவாயுக் கலத்தின் புறச் சுவருக்கோ, வீட்டு நீர்த் தொட்டிக்கோ செல்லக் கூடும். அதற்கு முதலில் அது ஒரு கை என்று அறியப்பட வேண்டும்.

இவ்விடத்தில் வட நாட்டில் வாழும் தமிழர்களுக்கு ஒரு சிறு பணி உண்டு என்று கருதுகிறேன். தில்லி, பரீதாபாத், காஜியாபாத், மீரட், ஆக்ரா, மதுரா ஆகிய ஊர்களில் இருப்பவர்களுக்கு இக்கிராமங்கள் தொலைவில் இல்லை. வைகாசி மாதத்து விடுமுறை நாள் ஒன்றில், புதிதாகப் பூசிய வறட்டிப் போர் நிற்கும் ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நம் ஊர்க் கோலத்தை அறிந்த பெண்கள் உடன் இருந்தால் பேச்சு எளிதில் தொடங்கும். கோலம் அறிந்த கைக்கு அந்தக் கோடுகள் அந்நியமாக இரா. வரைந்த பெண்ணின் அனுமதி பெற்றுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவத்துக்கு அவள் வழங்கும் பெயர் என்ன, யாரிடம் கற்றாள், பிறந்த ஊரில் அது எவ்வாறு இருந்தது என்று கேட்டு, தேதியும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். கல்வெட்டு இல்லாத இந்த வரலாற்றுக்கு அவளது வாய்மொழி ஒன்றே சான்று. அடுத்த மழையில் போர் கரைந்து போனாலும், அந்தக் குறிப்பாவது நிற்கும்.